ஸாரி மேடத்தின் ராஜினாமா

மெத்தை கம்பெனியில் அவளுக்கு இரண்டு பெயர்கள். மேஜைமேல் இருந்த பித்தளைத் தகட்டில் 'வாடிக்கையாளர் நல்லுறவு முதுநிலை அலுவலர்' என்று ஒன்று. முதுகுக்குப் பின்னால் 'ஸாரி மேடம்' என்று இன்னொன்று. முதலாவதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இரண்டாவது, நாளடைவில் முதுகைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமே வந்துவிட்டது. வாசல் காவலாளி இப்போது அதைச் சொல்லித்தான் சலாம் வைத்தார்.

நாட்டில் யாருக்கெல்லாம் தூக்கம் வரவில்லையோ அவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பதுதான் அவள் உத்தியோகம். மெத்தை நடுவில் குழிந்துவிட்டது, சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு ஓரமாகப் படுத்தாலும் விடிவதற்குள் ஒருவர்மேல் ஒருவர் உருண்டுவிடுகிறோம், இது தன்மானப் பிரச்சினை என்று ஒரு கணவர் எழுதுவார். ஸாரி. மெத்தை அளவுக்கு மீறிச் சுகமாக இருக்கிறது, தினமும் வேலைக்குத் தாமதமாகிறது என்று ஒரு வங்கி ஊழியர் எழுதுவார். அவருக்கும் ஸாரி. மெத்தையே வாங்காத ஒருவர் வாரம் தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார். வேறு எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு பொறுமையாகக் காது கொடுப்பதில்லையாம். அவருக்கு இரண்டு ஸாரி.

இப்படி ஊரையெல்லாம் தூங்கவைத்துவிட்டுப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராது. வந்தால் பல்லை நறநறவென்று கடிப்பாள். கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டேவிட்டது. பல் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கல்லைக் கடிச்சு உடைஞ்ச பல்லு இல்லம்மா. யாரையோ கடிக்கணும்னு நெனச்சு, கடிக்காம விட்ட பல்லு. யாரு அது?" என்றார்.

வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே அவள் யோசித்தாள். ஒருத்தரா இருந்தா சொல்லலாம். "ஸாரி டாக்டர்" என்றாள்.

ஒருத்தர் மேலாளர். 'உறக்கமே உயர்வு' என்ற கம்பெனி வாசகம் அவருடைய சொந்தச் சரக்கு. அதை அவர் மதிய உணவுக்குப் பிறகு தமது அறையிலேயே கடைப்பிடிக்கவும் செய்தார். ஊழியர்கள் அவருக்கு 'தலையணை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் குத்தினாலும் மறுபக்கம் உப்புவார். சம்பள உயர்வு கேட்டுப் போனவர்களுக்குப் பொறுப்பு உயர்வு கொடுத்து அனுப்புவது அவர் கைவந்த கலை. அவள் ஒரு உதவியாளர் வேண்டும் என்று கேட்டுப் போனபோதுதான் அந்தப் பித்தளைத் தகடு கிடைத்தது.

இன்னொருவர் அண்ணன். ஏதோ ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டதே தவிர, அவர் துறையை விடவில்லை. வீட்டுக் கதவில் இன்னும் 'துணை இயக்குநர்' என்ற பலகை தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹாலில் குடும்பக் கூட்டம். தலைமை அவரே, வரவேற்புரை அவரே, நன்றியுரையும் அவரே. அண்ணிக்கும் அவளுக்கும் டீ கொண்டுவரும் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பா அம்மா போன பிறகு அவள் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஓர் அவசரம் முளைக்கும். நாற்பதைத் தாண்டியதும் பேச்சும் நின்றது, அவசரங்களும் நின்றன.

அண்ணனிடம் ஒரு கார் இருந்தது. அதை அவர் ஓட்டுவார் என்று சொல்வதைவிட, அது போகிற இடத்துக்கு அவரும் போவார் என்று சொல்லலாம். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவர் கீறாத வண்டி இல்லை. கீறிவிட்டு மேலே வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்வார்: "கீழ் வீட்டுக்காரன் வருவான். நீ போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. உனக்குத்தான் அதெல்லாம் நல்லா வரும்."

ஆபீசில் மெத்தைக்காகவும், வீட்டில் பம்பருக்காகவும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒரு வியாதியே வந்துவிட்டது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ஸாரி சொன்னாள். ஒருமுறை, வேறு ஊரில் வேலை தேடலாமா என்று அண்ணனிடம் கேட்க வாயெடுத்தவள், அவர் புருவத்தைத் தூக்கியதும், கேட்க நினைத்ததற்காக ஸாரி சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

ஆனால் கீறல்களால் ஒரு நன்மையும் விளைந்தது. மன்னிப்புக் கேட்கப் போகும்போதெல்லாம், அண்ணன் எந்த இடத்தில் ஸ்டியரிங்கைத் தப்பாகத் திருப்பினார் என்பதை அவள் கீறலை வைத்தே கண்டுபிடிக்க ஆரம்பித்தாள். ஒருநாள், 'இதை நானே ஒழுங்கா ஓட்டுவேனே' என்று தோன்றியது. சனிக்கிழமைக் காலைகளில் ஆபீசில் கூடுதல் வேலை என்று சொல்லிவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள். உரிமம் வாங்கினாள். அதோடு நிற்காமல், கற்றுக்கொடுப்பதற்கான தேர்வையும் எழுதி வைத்தாள். தொலைவில், ரயிலில் ஒரு முழுநாள் போக வேண்டிய ஊரில், பெண்களுக்கான ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் விண்ணப்பித்தாள்.

பள்ளியை நடத்துகிற அம்மாள் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். குரல் லாரி ஹாரன் மாதிரி இருந்தது.

"கத்துக்கற பொண்ணு தப்பு பண்ணிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பிரேக் போடுவேன்."

"வாங்க. அடுத்த வாரம் முடிஞ்சு வர்ற திங்கக்கிழமையே வேலையில சேரணும். தங்க மாடியில ரூம் இருக்கு. பழைய வேலையிலேர்ந்து விடுவிச்சுட்டாங்கன்னு ஒரு கடுதாசி மட்டும் கண்டிப்பா வேணும். அது இல்லாம யாரையும் சேத்துக்கறதில்ல. பாதியில வந்து 'என் ஆளைத் திருப்பிக் குடு'ன்னு நிப்பாங்க."

பயிற்சி காரில் ஆசிரியரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் இருக்கும். உத்தியோகத்தோடு சேர்த்து ஒரு பிரேக்கையும் தருகிற இடம் உலகத்தில் உண்டு என்பதே அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

புது வேலையையும் சேர வேண்டிய நாளையும் குறிப்பிட்டு ராஜினாமாவை எழுதி எடுத்துக்கொண்டு தலையணையின் அறைக்குப் போனாள். அவர் படித்துவிட்டு, அதை மேஜைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தார்.

"என்னம்மா இது, சின்னப் புள்ளையாட்டம்? அடுத்த வாரம் தரச் சான்றிதழுக்கு ஆய்வாளர் வர்றார். குறைதீர்ப்புதான் நம்ம கம்பெனியோட இதயம். இதயம் லீவு போட்டாலே தாங்காது. ராஜினாமா வேற பண்ணுமா?"

"லீவு இல்ல சார், வேலையே வேணாம்னு..."

"நான் ஏத்துக்கிட்டாத்தாம்மா அது ராஜினாமா. ஏத்துக்காத வரைக்கும் அது உங்க சொந்தக் கருத்து. கருத்து வெச்சுக்க உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. போய் வேலையப் பாருங்க."

"ஸாரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வந்த பிறகுதான், எதற்கு ஸாரி சொன்னோம் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் இன்னொரு கடிதத்தோடு மறுபடி போனாள். அந்தக் கடிதமும் கண்ணாடிக் குண்டின் அடியில் போயிற்று. ஒரு கருத்தின்மேல் இன்னொரு கருத்து.

சரி, கையில் கொடுத்தால்தானே குண்டு, தபாலில் போவோம் என்று மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். நிர்வாகத்துக்கு வரும் கடிதத்துக்குப் பதில் போட்டே தீர வேண்டும் என்பது கம்பெனி விதி.

அவள் மறந்துபோனது வேறொரு விதி. தரச் சான்றிதழுக்காகத் தலையணை புதிதாக ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். வெளியிலிருந்து வரும் எந்தக் கடிதத்திலும் வருத்தம், வேதனை, சிரமம், மனஉளைச்சல் ஆகிய சொற்களில் ஒன்று இருந்தாலும் அது குறைக் கடிதமாகக் கருதப்பட்டு, எண் இடப்பட்டு, நேரே குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். 'தபால் பிரிவினர் சொந்த யோசனையைப் பயன்படுத்தலாகாது' என்று கடைசி வரி. தபால் பிரிவினரும் கடுகளவுகூடப் பயன்படுத்தவில்லை. நாளை மின்தடை, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று மின்வாரியம் அனுப்பிய அறிவிப்பு அவளிடம் வந்தது; மின்வாரியத்திடம் மன்னிப்புக் கேட்டாள். பஞ்சு விற்பவர் தம் மாமனார் இறந்த செய்தியை வருத்தத்துடன் தெரிவித்திருந்தார். மாமனாரை மாற்றித்தர இயலாததற்கு வருந்துகிறோம் என்று எழுதப் போன கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்துத் தபால் பிரிவுப் பெண் ஒரு கட்டுக் கடிதங்களோடு வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். சிரிப்பை அடக்கி அடக்கிக் கன்னம் இரண்டும் வீங்கியிருந்தது.

"அக்கா, ஒரு குறை வந்திருக்கு. யாரோ ரொம்ப மனசு வெறுத்துப்போய் எழுதியிருக்காங்க. நீங்களே பாருங்க."

பார்த்தாள். அவளுடைய ராஜினாமாதான். மேலே கொட்டை எழுத்தில் குறை எண் குத்தியிருந்தது. கடைசி வரியில், 'இதனால் தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தாள். கைப்பழக்கம். ஒரே வரியில் சிரமமும் இருந்தது, வருத்தமும் இருந்தது. சுற்றறிக்கைப்படி அது இரட்டைக் குறை.

"ஏண்டி, கையெழுத்தப் பாத்தா தெரியல, இது என்னோடதுன்னு?"

"தெரிஞ்சுது. ஆனா சொந்த யோசனையப் பயன்படுத்தக்கூடாதே அக்கா. ஏற்கெனவே ஒருதடவ பயன்படுத்தி மெமோ வாங்கியிருக்கேன்."

"திருப்பி எடுத்துட்டுப் போயேன்."

"நம்பர் குத்திட்டேனே. குத்தினா குத்தினதுதான். நீங்க பதில் போட்டே ஆகணும்." கொஞ்சம் குனிந்து, "என்ன பதில் போடுவீங்க? ஆவன செய்யப்படுமா?" என்றாள்.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். ராஜினாமா செய்தவளும் அவளே. அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியவளும் அவளே. தன்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தன்னையே தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்க வேண்டும். இவ்வளவு காலம் பார்த்த உத்தியோகத்தின் முழு உருவமும் ஒரு காகிதத்தில் எதிரே வந்து நின்றது. வாய்விட்டுச் சிரித்தாள். அந்தத் தளத்தில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை என்பதால் பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிறகு பேனாவைத் திறந்தாள். 'தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பட்ட மனஉளைச்சல் உண்மையானதே. தங்கள் ராஜினாமா முழுமையாக ஏற்கப்படுகிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலையுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். இங்ஙனம், மேலாளர்.' இவ்வளவுதான். வருந்துகிறோம் என்ற சொல் இல்லாமல் அந்த மேஜையிலிருந்து கிளம்பிய முதல் கடிதம் அது.

பதில்களையெல்லாம் மாலையில் தலையணையிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோவது வழக்கம். இதை நடுவில் செருகி வைத்தால் தெரியப்போவதில்லை. ஆனால் திருட்டுத்தனமாக வெளியேற அவளுக்கு மனம் வரவில்லை. போவதென்றால் முன்வாசல் வழியாகவே போவது. கட்டின் உச்சியில், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

தலையணை தொலைபேசியில் இருந்தார். ஆய்வாளர் வரும் வழியில் பூந்தொட்டி எத்தனை வைப்பது என்று பேச்சு.

"சார், மேல இருக்கறத மட்டும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, "நீங்க எழுதினா நான் படிக்கணுமாம்மா? அவ்வளவு நம்பிக்கை" என்றார்.

"இல்ல சார், இது கொஞ்சம் வேற மாதிரி. படிச்சுடுங்க."

"அட, பெரிய இலை வெச்ச தொட்டிய்யா, பெரிய இலை!" என்று தொலைபேசிக்குள் கத்தியபடியே சரசரவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். அவர் கையெழுத்தின் கீழே எப்போதும் ஒரு சுழி வரும். இன்று இரண்டு சுழி வந்தது. தபால் பிரிவுப் பெண் முத்திரை குத்திப் பதிவேட்டுக்கு ஒன்று, உறைக்கு ஒன்று என்று பிரித்தாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். ஒல்லியாக, சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குபவர் போல இருந்தார். பெரிய இலைத் தொட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. நேரே குறைதீர்ப்புப் பிரிவுக்கு வந்து நின்றார். தலையணை மார்பை நிமிர்த்தினார். தளம் முழுக்கக் காது நீட்டியது.

"எங்க கம்பெனியில ஒரு கடிதம்கூட என் கண்ணுக்குத் தப்பாது. ஒவ்வொரு பதிலையும் வரிக்கு வரி நானே படிச்சு, யோசிச்சு, அப்புறம்தான் கையெழுத்து. ராத்திரி சாப்பாடு இறங்காது எனக்கு, ஒரு வாடிக்கையாளர் மனவருத்தத்தோட இருக்கார்னா."

"சமீபத்துல போன பதில்களக் காட்டுங்க" என்றார் ஆய்வாளர்.

அவள் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். ஆய்வாளர் புரட்டினார். ஆவன செய்யப்படும். ஆவன செய்யப்படும். பரிசீலனையில் உள்ளது. ஆவன செய்யப்படும். ஒரு தாளில் விரல் நின்றது. கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். மனஉளைச்சல் உண்மையானதே என்ற இடம் வந்தபோது தலையணை, தம்முடைய பெருந்தன்மையை எண்ணித் தலையாட்டினார். ராஜினாமா முழுமையாக ஏற்கப்படுகிறது என்ற இடத்தில் தலை பாதியில் நின்றது.

"ஊழியரோட ராஜினாமாவையே குறையா எடுத்துக்கிட்டுப் பதில் போட்டிருக்கீங்க. இத நீங்க படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?"

 படித்தேன் என்றால் அவள் போய்விடுவாள். படிக்கவில்லை என்றால் சான்றிதழ் போய்விடும். தலையணையின் எந்தப் பக்கம் குத்து விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் உப்பாமல் நின்றார்.

"ப... படிச்சேன். பின்ன? படிச்சு, யோசிச்சு..."

"நல்லது" என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டார். "இவ்வளவு பதில்லயும் இது ஒண்ணுலதான் குறை நிஜமாவே தீர்ந்திருக்கு."

தபால் பிரிவுப் பெண் அவசரமாகக் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினாள்.

ஆய்வாளர் அடுத்த தளத்துக்குப் போனதும் தலையணை அவளைத் தமது அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எனக்கே குழி வெட்டிட்டீங்க இல்ல?"

"படிங்க படிங்கன்னு சொன்னேன் சார்."

"சரி போகட்டும். போங்க. ஆனா நாளைக்குப் பிரிவுபசாரத்துல எல்லார் முன்னாலயும் ஒரு மன்னிப்பு கேட்டுட்டுப் போங்க. மேலாளருக்குத் தெரியாம செஞ்ச தப்புக்குன்னு. உங்களுக்கென்ன, ஒரு நாளைக்கு நூறு கேக்கறீங்க, நூத்தி ஒண்ணாக் கேளுங்க." குரலைத் தாழ்த்தினார். "புது இடத்துலேர்ந்து என்கிட்டதான் விசாரிப்பாங்க, நீங்க எப்படிப்பட்டவங்கன்னு. நான் வாயத் திறந்து நாலு நல்ல வார்த்தை சொல்லணுமில்ல? இல்லன்னா திங்கக்கிழமை அங்க போய் வாசல்லயே நிக்க வேண்டியிருக்கும்."

அவள் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் யோசித்துக்கொண்டே போனாள். ஒரு ஸாரி. அவளிடம் மலிந்து கிடக்கும் சரக்கு அது ஒன்றுதான். அள்ளி வீசிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு நாள் யார் யார் செய்த தப்புக்கெல்லாமோ சொன்னது. இப்போது தன் காரியம் நடக்கத் தனக்காக ஒன்று சொல்லக் கூடாதா? விரிசல் விட்ட பல் விண்விண்ணென்று தெறித்தது.

வெள்ளிக்கிழமை மாலை, சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். போகிறவர்கள் எழுந்து, 'அறிந்தோ அறியாமலோ யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள்' என்று சொல்லிக் கண்கலங்க வேண்டும். இருக்கிறவர்கள், 'சேச்சே, அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்ல வேண்டும். பிறகு தேநீர். இத்தனை பேர் இத்தனை முறை மன்னிப்புக் கேட்டும் மேலாளர் தரப்பிலிருந்து ஒருமுறைகூட அந்த வாக்கியம் எழுந்ததில்லை. சரித்திரத்தின் மகத்தான ஸாரி ஒன்றைக் கேட்கப்போகிறோம் என்று எல்லோரும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். தலையணை கால்மேல் கால் போட்டிருந்தார்.

அவள் எழுந்தாள். வாய் தானாகக் குவிந்தது. நாக்கு மேலண்ணத்தை நோக்கிக் கிளம்பிவிட்டது. பழகிய மாடு வீட்டுக்குத் திரும்புவது போல அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றது. தலையணையின் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல உப்பியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீரென்றது. சொல்லை விழுங்கினாள். கனமாகத்தான் இறங்கியது.

"எல்லாருக்கும் நன்றி. மன்னிப்பு கேக்கறது வழக்கம். ஆனா இந்த ஆபீஸ் இதுவரைக்கும் என்கிட்ட வாங்கின மன்னிப்பெல்லாம் இன்னும் ஏழு தலைமுறைக்கு வரும். இப்ப எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நான் யாரையும் புண்படுத்தல. யாராவது என்கிட்ட கேக்கணும்னா கேளுங்க, பத்து நிமிஷம் இருக்கேன்."

 பிறகு கணக்குப் பிரிவில் ஒருவர் எழுந்து, அவள் குடையை எடுத்துப்போய்த் தொலைத்தது தாம்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர், 'ஸாரி மேடம்' என்ற பெயரை வைத்தது தாம் என்றார். பக்கத்து மேஜைக்காரர் எதற்கென்று சொல்லாமலே கேட்டார். தலையணை மட்டும் எழுந்து வெளியே போனார். கதவருகே நின்று, "விசாரிப்பாங்க இல்ல? சொல்றேன். உள்ளது உள்ளபடி சொல்றேன்" என்றார்.

"தாராளமா சொல்லுங்க சார்" என்றாள். 

தலையணை அத்தோடு விடவில்லை. வீட்டுக்கும் தொலைபேசி போட்டிருந்தார். ரயில் ஞாயிறு காலையில். அன்று குடும்பக் கூட்டம் வழக்கத்தைவிட முன்னதாகவே கூடியது. தயாராகக் கட்டி வைத்த பெட்டிக்கும் வாசற்படிக்கும் நடுவே அண்ணன் தமது நாற்காலியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் மேலாளர் பேசினார். எவ்வளவு தங்கமான மனுஷன்! ஒரு மன்னிப்பு கேட்டா மறுபடி சேத்துக்கறேன்கிறார். புது இடத்துக்காரங்க விசாரிச்சாங்களாம், இவர் உள்ளதச் சொல்லிட்டாராம். அங்க இனிமே கதவு திறக்காது. இந்த வயசுல ஊர் பேர் தெரியாத இடத்துல கார் ஓட்டிப் பொழைக்கப்போறேங்கறியே, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அவள் ஒரு கணம் பெட்டியைப் பார்த்தாள். கதவு திறக்காதா? "எந்த நாலு பேர்ணா? நீங்க கீறின காருக்கெல்லாம் சொந்தக்காரங்களா? அவங்க சந்தோஷப்படுவாங்க, இந்த வீட்டுல ஒருத்தியாவது ஒழுங்கா ஓட்டறாளேன்னு."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அண்ணி வேண்டுமென்றே போட்டதா, கை தவறியதா என்று சொல்வதற்கில்லை.

"என்கிட்டயே இப்படிப் பேசறியா? மன்னிப்பு கேளு!"

"முடியாதுண்ணா."

அப்போது அவள் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். ஒலிபெருக்கியே வேண்டியிருக்கவில்லை, லாரி ஹாரன் ஹால் முழுக்க நிரம்பியது.

"ரயில் ஏறிட்டீங்களா? உங்க பழைய மேலாளர்கிட்டப் பேசினேன்."

"என்ன சொன்னார்?" அவள் பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"திமிர் பிடிச்சவங்களாம். யாருக்கும் அடங்கமாட்டீங்களாம். சபையில வெச்சு மன்னிப்பு கேட்கச் சொன்னதுக்கு முடியாதுன்னுட்டீங்களாம். மூச்சு விடாம அரை மணி நேரம் சொன்னார். எனக்கு அந்த மாதிரி ஆளுதான்மா வேணும். போன தடவ ஒருத்தி இருந்தா, தங்கமான குணம். கத்துக்கற பொண்ணு லாரிய நோக்கிப் போறப்ப, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினா நல்லாருக்கும்மா'ன்னு கெஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தா. வண்டி இன்னும் ரிப்பேர்ல கிடக்கு. கடுதாசிய எடுத்துக்கிட்டீங்களா?"

"கையில இருக்கு."

"அப்ப வாங்க. ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பறேன். நீங்கதான் ஓட்டிட்டு வரணும்."

அண்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நாற்காலியில் சரிந்து மார்பைப் பிடித்துக்கொண்டார். "நெஞ்ச என்னமோ பண்ணுது... போறவ போ. என்னைப் பத்தி யாருக்குக் கவலை?"

அவள் பெட்டியின் கைப்பிடியை விட்டாள். அண்ணி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து, புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நிஜ வலியும் தெரியும், கூட்டத்துக்காக வருகிற வலியும் தெரியும்.

"நிஜமா வலிச்சா அவருக்குப் பேச்சு வராது. இப்ப முழு வாக்கியமாப் பேசறார்" என்றாள். "எதுக்கும் மாத்திரைய நான் குடுத்துக்கறேன். நீ கெளம்பு."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெளம்பட்டும். ஒரு மாசத்துல அழுதுக்கிட்டு வருவா. அப்ப இந்தக் கதவு..."

"பூட்டியே வையுங்கண்ணா. திருடன் பயம் இருக்காது." நாற்காலியைச் சுற்றிப் போக இடம் இல்லாததால், அதை அவரோடு சேர்த்தே ஒரு முழம் தள்ளிவிட்டு அவள் பெட்டியோடு வெளியே வந்தாள்.

அண்ணி இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே படி இறங்கினாள்.  கீழே டாக்சி நின்றது. அவளுக்கு அண்ணியிடம் மட்டும் எதையாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இனி அந்த வீட்டு வேலை முழுக்க யார் தலையில் விழும் என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணி, நான் போறதால உங்களுக்கு..."

"ஆரம்பிக்காத" என்று அண்ணி வெட்டினாள். பையை வண்டிக்குள் வைத்தாள். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கிளட்ச்சுன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது ரொம்பக் கஷ்டமா?"

"கஷ்டமில்ல அண்ணி. பயப்படாம மிதிக்கணும். அவ்வளவுதான்."

"ம்."

மேலே பால்கனியில் துணை இயக்குநர் தோன்றினார். முழுக் குணமாகியிருந்தது. "ஏய், எங்க போய்ட்ட? டீ எங்க?" என்ற குரல் தெருமுனைவரை கேட்டது. அண்ணி தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. டாக்சியின் கதவை அழுத்திச் சாத்திவிட்டு, ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தாள்.

"போய்ச் சேந்ததும் நம்பர் அனுப்பு. உன் நம்பர் எங்கிட்ட இருக்கு. அந்த ஸ்கூல் நம்பரை அனுப்பு."